அப்பாவுக்கு வைத்த குட்டு

சூசைதாசன் அப்பா, இன்றைக்கு உங்களுடைய முப்பத்தோராம் நாள். நினைவு மலருக்கு உங்களைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான், எனக்கு எழுதவா தெரியும்? உங்கள் தலையில் குட்டின கதையை மட்டும் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நானும் அம்மாவும் மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு வந்து இரண்டு வருடம்தான். முன்பே வந்திருந்த அப்பா குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். பிள்ளை என்று என் பெயரும் அதே விண்ணப்பத்தில் இருந்தது. கனடாவைப் பற்றிக் கேட்கும் சோதனையில் அவர் தேறினால்தான் எனக்கும் குடியுரிமை கிடைக்கும்.

செயின்ட்-மிஷேல் வீட்டுக் குசினி மேசையில் தினமும் பின்னேரம் வகுப்பு. நான்தான் ரீச்சர். பிழைக்கு ஒரு குட்டு என்று சட்டம் போட்டவர் அப்பாதான். "குட்டு வாங்காமல் எனக்கு ஒண்டும் ஏறாது, ரீச்சர்" என்று தலையைக் குனிந்து தருவார்.

"நியூபவுண்ட்லாந்து கனடாவோடை எப்ப சேர்ந்தது?"

"நாப்பத்தொன்பதிலை. எல்லாருக்கும் பிந்தி வந்து சேர்ந்தது, கொம்மாவைப் போலை."

"ஓமோம், ஸ்பொன்சர் பண்ண ஆறு வருசம் இழுத்தவர் கதைக்கிறார்" என்பார் அம்மா அடுப்படியிலிருந்து.

சோதனை நெருங்க நெருங்க அப்பா மறக்கத் தொடங்கினார். எத்தனை மாகாணம் என்று கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். விளையாடுகிறார் என்று நினைத்து ஒருநாள் பலமாகக் குட்டிவிட்டேன். அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"அந்தத் தலையிலை கை வையாதை!"

"விடுமப்பா, பிள்ளை படிப்பிக்குது" என்றார் அப்பா, கண்ணை மூடியபடி. அம்மா ஏன் அழுதார் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா வந்து சொன்னார்: "அத்தான், வருத்தம் எண்டு டொக்டரிட்டை கடிதம் வாங்கிக் குடுத்தால் வேறை திகதி தருவாங்கள்."

"வேண்டாம். பேந்து எனக்கு என்ன ஞாபகம் இருக்குமோ, ஆருக்குத் தெரியும்? முதல்லை பிள்ளையின்ரை அலுவல் முடியட்டும்."

இருபது கேள்வியில் பதினைந்து சரியாக இருக்கவேண்டும். அப்பாவுக்குச் சரியாகப் பதினைந்து. அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கோ வெட்கம். "அஞ்சு பிழை விட்டிருக்கிறியள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த கிழமை அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய், தலையில் கட்டோடு திரும்பி வந்தார். விழுந்துவிட்டார் என்று சொன்னார்கள். நானும் நம்பினேன். மூளையில் கட்டி இருந்ததையும், சோதனை முடியும்வரை வெட்டவேண்டாம் என்று அவர் டொக்டரிடம் கெஞ்சியதையும் அம்மா சொல்லும்போது எனக்குப் பதினாறு வயது. இந்தக் குளிருக்கு அந்தக் கட்டி திரும்பவும் வந்து அப்பாவைக் கொண்டுபோய்விட்டது.

நோகுது என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே அப்பா. சொன்னால் நான் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவேன் என்றுதான் நீங்கள் சொல்லவில்லை. அது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

இதை வாசிக்கிற எல்லோரும் என்ரை அப்பாவுக்காக ஒரு நிமிடம் செபியுங்கள்.