ஆறு பேருக்கு ஒரு நாமினி

பென்னலூரில் செல்லம்மாள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் பெண்கள் விடுதியில் யாருக்காவது ஊருக்குப் போக டிக்கெட் வேண்டும் என்றால் ரயில் நிலையக் கவுண்டருக்குப் போவதில்லை. இரண்டாம் மாடியில் இருக்கும் சந்தனமாரியிடம் சொன்னால் போதும்.

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிடும்போதே வெயில் ஏறியிருக்கும். மற்றவர்கள் முகம்கூடக் கழுவாமல் கட்டிலில் விழுவார்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ முன்பதிவு திறக்கும் நாள் என்றால் சந்தனமாரி மட்டும் விழமாட்டாள். பெயர், வயது எல்லாவற்றையும் முன்கூட்டியே அடித்து வைத்துக்கொண்டு, மாடிப்படியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எட்டு அடித்ததும் விரல் ஓடும். திருநெல்வேலி வண்டி சில நிமிஷத்தில் நிரம்பிவிடும். அதற்குள் அவள் ஆறு பேரையும் ஏற்றிவிட்டிருப்பாள்.

ஏழாவது ஆளாக அவள் தன்னைச் சேர்த்துக்கொண்டதே இல்லை. சங்கரன்கோவில் பக்கம் அவளுக்கும் ஊர் உண்டு. பாலிடெக்னிக் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். இப்போது இருப்பது அண்ணன் வீடு. வேலைக்கு வந்த முதல் தீபாவளிக்குப் போனபோது, இரண்டாம் நாள் காலையில் அண்ணி, “எப்பம் கெளம்புத மாரி?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. எவ்வளவு அரிசி ஊறப்போட வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஆனாலும் சந்தனமாரி அடுத்த வருஷத்திலிருந்து போகவில்லை. அறைத் தோழிகளிடம், “பண்டிகைக்கு ஓ.டி. இருக்கு” என்று சொல்லிவிடுவாள். “காசு சேக்கா பாரு” என்று அவர்கள் கிண்டல் செய்வார்கள். அதுவும் ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது.

ஒரகடத்தில் செல்போன் தயாரிக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. திரையில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைனில் பேச்சு கிடையாது. விடுதியில் அவளைத் தேடி யாராவது வருகிறார்கள் என்றால் அது டிக்கெட்டுக்காகத்தான். அந்த டிக்கெட்டையும் எடுத்துவிட்டால் தன்னை யார் தேடுவார்கள் என்று சில சமயம் அவளே யோசித்திருக்கிறாள். யோசனையை அதற்கு மேல் ஓடவிட மாட்டாள்.

டிக்கெட் போடும்போது கடைசியில் பயணக் காப்பீடு வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். ஆளுக்கு நாற்பத்தைந்து பைசா. “போடு போடு” என்று எல்லோரும் சொல்வார்கள். வல்லக்கோட்டை முருகன் உண்டியலில் சில்லறை போடுகிற மாதிரிதான். எதற்குப் போடுகிறோம் என்று யாரும் படித்துப் பார்த்ததில்லை. வண்டியை விட்டுவிட்டால் காசு திரும்ப வரும் என்று ஒருத்தி நினைத்தாள். பெட்டி திருடு போனால் கிடைக்கும் என்று இன்னொருத்தி.

டிக்கெட் உறுதியானதும் சந்தனமாரியின் போனுக்கு ஒரு செய்தி வரும். அதில் உள்ள இணைப்பைத் திறந்தால் நாமினி பெயர், உறவு, போன் நம்பர் என்று கட்டங்கள். நாமினி என்ற சொல்லை அவள் முதலில் கேட்டது கம்பெனியில் சேர்ந்த அன்று. மண்டபம் நிறையப் பெண்கள். ஒரு பையன் வரிசைக்கு வரிசை ஓடியபடி, “நாமினி எழுதுங்க, எமர்ஜென்சிக்கு ஒரு ஆளு, சீக்கிரம், சீக்கிரம்” என்று கத்திக்கொண்டிருந்தான். ஆகவே நாமினி என்றால் ஆபத்து சமயத்தில் கூப்பிட வேண்டிய ஆள் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

கூப்பிட்டால் உடனே எடுக்கிற ஆள் யார்? இவர்களின் அப்பா அம்மா வயலில் இருப்பார்கள், தீப்பெட்டி ஆபீசில் இருப்பார்கள். தெரியாத நம்பர் என்றால் எடுக்கவே மாட்டார்கள். அவள் எடுப்பாள். ஆகவே ஆறு பேருக்கும் நாமினி, சந்தனமாரி. உறவு என்ற கட்டத்தில் ‘சகோதரி’ இருந்தது. அதைத் தொட்டாள். ஆறு தடவை தொட்டாள். அப்படித் தொடும்போது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு எல்லா டிக்கெட்டிலும் அதே பெயர், அதே உறவு.

இந்தத் தீபாவளிக்கு ஐந்து பேர் ஒழுங்காக வண்டி ஏறிவிட்டார்கள். ஆறாவது ஆள் பாண்டிச்செல்விக்கு அன்று லைனில் மாற்று ஆள் வரவில்லை. சூப்பர்வைசர் விடவில்லை. விட்டபோது ஒரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றிருந்தன. படப்பை தாண்டுவதற்குள் வண்டி நேரம் நெருங்கிவிட்டது.

மறுநாள் காலையில் சந்தனமாரி கண் விழித்தபோது எதிர்க் கட்டிலில் பாண்டிச்செல்வி பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னட்டி, நீ போகலையா?”

“போயிட்டுத்தான் வாரேன். தாம்பரத்துல வண்டிக்கு டாட்டா காட்டிட்டு வாரேன்.” அழுது முடித்த குரல். “அத விடு. இன்சூரன்ஸ் போட்டிருக்கேல்லா? அந்தத் துட்ட வாங்கிக் குடு, பஸ்ஸுக்கு ஆவும்.”

“கேட்டுப் பாக்கேன்.”

மேல் கட்டிலிலிருந்து ஜாஸ்மின் தலையை நீட்டினாள். உவரிக்காரி, கிறிஸ்துமஸுக்குத்தான் ஊருக்குப் போவாள். “ஸ்பீக்கர்ல போடுட்டி. எங்க சித்தப்பா மவன் ரயில்ல பைய விட்டுட்டான். அதுக்கும் கேளு.”

இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணில் வெகுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பையன் பேசினான். டிக்கெட் எண்ணைச் சரிபார்த்தான்.

“மேடம், வண்டிய மிஸ் பண்ணினா இந்த பாலிசில கவர் ஆகாது.”

“அப்பம் பை தொலஞ்சா?” என்றாள் ஜாஸ்மின்.

“அதுவும் வராது மேடம். இது ரயில் விபத்துக்கு மட்டும். உயிரிழப்பு, ஊனம், ஆஸ்பத்திரிச் செலவு.”

“வெளங்கிரும்,” என்றாள் பாண்டிச்செல்வி. “காசு வேணும்னா வண்டி கவுரணும். அந்த வண்டிலயும் நான் இருக்கணும்.”

அந்தப் பையனும் சிரித்துவிட்டான். பிறகு தன் வேலையை முழுசாகச் செய்கிறவன் போல, “இன்னொரு விஷயம் மேடம். இந்த டிக்கெட்ல ஆறு பேருக்கும் ஒரே நாமினி இருக்கு. சந்தனமாரி, சகோதரி. கரெக்ட்தானா?” என்றான்.

“நாமினின்னா என்ன சார்?” என்று பாண்டிச்செல்வி கேட்டாள். போனைப் பார்க்கவில்லை, சந்தனமாரியைப் பார்த்தாள்.

“பயணிக்கு ஏதாவது ஆயிட்டா பணம் அவங்க பேருக்குத்தான் போகும். உயிரிழப்புன்னா பத்து லட்சம். நாமினி போடலைன்னா சட்டப்படி வாரிசுக்குப் போயிடும்.”

சந்தனமாரி போனை அணைத்தாள்.

“சத்தியமா எனக்குத் தெரியாதுட்டி. ஒண்ணுன்னா கூப்புடுததுக்கு ஒரு ஆளுன்னு நெனச்சேன்.”

“எல்லாத் தடவையும் இப்படித்தானா?”

“ஆமா.”

“எனக்கு அம்மா இருக்கா. அய்யா இருக்காரு. நான் என்ன அனாதையா, ஒன் பேரப் போட?”

யாரைக் குத்துகிறோம் என்று தெரிந்து பாண்டிச்செல்வி சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகு தெரிந்திருக்கலாம். எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வரை கூட வருவதாகச் சந்தனமாரி சொன்னாள். “வேண்டாம்” என்று பாண்டிச்செல்வி படி இறங்கிவிட்டாள்.

மத்தியானத்துக்குள் ஊருக்குப் போனவர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் எட்டிவிட்டது. விடுதிக் குழுவில் செய்திகள் விழுந்தன. ‘இனி வண்டியில கண் அசராதீங்கட்டி, அக்கா காத்துக்கிட்டு இருக்கா.’ ‘பத்து லட்சத்துல எனக்கு ஒரு மாலையாவது வாங்கிப் போடுவாளா?’ ஒவ்வொன்றின் பின்னாலும் சிரிக்கிற முகங்கள். சந்தனமாரி ‘போங்கட்டி’ என்று அடித்தாள். அனுப்பாமல் அழித்தாள். கடைசியாக ஒரு செய்தி வந்தது: ‘பொங்கலுக்கு சுங்குவார்சத்திரத்து ஏஜென்ட்ட போட்டுக்கிடலாம்.’ அதன் பின்னால் சிரிப்பு எதுவும் இல்லை.

தீபாவளியன்று கம்பெனி மூடியிருந்தது. ஓ.டி. இல்லை. எந்த வருஷமும் அன்றைக்கு இருந்ததில்லை. ஜாஸ்மினும் ஆவடியில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். செல்லம்மாள் ஒரு தட்டில் வடையும் சுழியமும் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள்.

“இன்னாமே, வூட்டுக்குப் போவாம இங்க இன்னா பண்ணிகினு கீற? மூஞ்சி ஏன் இப்டி கீது?”

சந்தனமாரி நடந்ததைச் சொன்னாள்.

“அட, நாமினின்னா புருசன் பேருதான் போடணும். கண்ணாலம் ஆவாத பொண்ணுங்களுக்கு அது செல்லவே செல்லாது.”

“அப்படியெல்லாம் இல்லம்மா.”

“இன்சூரன்சு போட்டா வண்டிக்கு ஒண்ணும் ஆவாதுன்றாங்களே, அதுவும் பொய்யா?”

“அது என்ன, வண்டிக்குக் கட்டுற தாயத்தாம்மா? கவுந்த பெறவு குடுக்கது.”

செல்லம்மாளுக்கு இது ஏமாற்றமாக இருந்தது. “சரி, அதுக்கு இன்னாத்துக்கு அவளுங்க கோச்சிக்கிறாளுங்கோ? அவளுங்களும் சாவப்போறதில்ல, உனுக்கும் துட்டு வரப்போறதில்ல.”

“துட்டு இல்லம்மா. வண்டி கவுந்துட்டுன்னு சேதி வந்தா இவ அழுவாளா, சிரிப்பாளான்னு ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்திருப்பாங்கல்லா. அதான்.”

செல்லம்மாள் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். “வடை ஆறிப் பூடும், துன்னு” என்றாள். கீழே மருமகன் கூப்பிட்டார், போய்விட்டாள்.

வடை ஆறிப்போனது. சந்தனமாரி போனை எடுத்தாள். குழுவில் எழுதினாள்: ‘திரும்பி வார டிக்கெட்லயும் என் பேருதான் இருக்கு. வண்டி ஏறதுக்குள்ள மாத்தணும். வீட்டுல யார் பேர் போடன்னு சொல்லுங்க.’

எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் குறி காட்டியது. பதில் இல்லை. தெருவில் பட்டாசு வெடித்து ஓய்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ‘கோமதிநாயகம், அப்பா.’ ‘சுப்புத்தாய், அம்மா.’ ‘பேச்சிராஜ், அண்ணன்.’ வேறு ஒரு சொல் இல்லை. ஒருத்தி மட்டும் குழுவில் போடாமல் தனியாக அனுப்பினாள்: ‘சக்திகுமார். என்ன உறவுன்னு இப்ப கேக்காத.’ அன்றைய நாளில் சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒரு தடவைதான். ‘உறவு போடாம விடாதுட்டி’ என்று பதில் அனுப்பினாள். ‘அப்பம் அம்மா பேரையே போடு’ என்று வந்தது.

இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தும் இவர்களுடைய அப்பா பெயர் என்ன, அம்மா பெயர் என்ன என்று அவள் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. ஒவ்வொரு கட்டமாகத் திறந்து தன் பெயரை அழித்தாள். சகோதரியை எடுத்துவிட்டு அப்பா, அம்மா, சகோதரன் என்று மாற்றினாள். ஐந்து பேருக்கு முடிந்தது.

பாண்டிச்செல்வி செய்தி அனுப்பவில்லை. சாயங்காலம் கூப்பிட்டாள்.

“எங்கம்மா பேரு முப்பிடாதி. போட்டுட்டியா?”

“போட்டுட்டேன். நம்பர் சொல்லு.”

“அவளுக்குத் தனியாப் போனு கெடையாது. அய்யா போனுல எப்பவும் சார்ஜ் இருக்காது.” கொஞ்சம் தயங்கினாள். “நம்பர் ஒன்னோடதே கெடக்கட்டும்.”

“அது நல்லாருக்காதுட்டி.”

“துட்டு எங்கம்மாவுக்குத்தான போவும். போன்தான ஒனக்கு வரும். வந்தா எங்க வீட்டுல சொல்லிருவல்லா?”

“சொல்லிருவேன்.”

“அப்பம் கெடக்கட்டும்,” என்று வைத்துவிட்டாள். அனாதை என்று சொன்னதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவள் பேசுவாள் என்று சந்தனமாரியும் எதிர்பார்க்கவில்லை. முப்பிடாதி என்ற பெயருக்கு எதிரே தன் எண்ணை இருக்கவிட்டாள்.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். முறுக்கும் சீடையுமாக அவள் கட்டிலிலும் ஒரு பொட்டலம் வைத்தார்கள். பேச்சு பழையபடிதான். ஆனால் பொங்கல் டிக்கெட்டுக்கு ஏஜென்டிடம் முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் முன்பதிவு திறந்த அன்று ஜாஸ்மின் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த வாரம் சந்தனமாரிக்கு ஜெனரல் ஷிப்ட், சீருடையில் இருந்தாள்.

“எனக்கு நீயே போடு. ஏஜென்ட் பய கூடக் கொஞ்சம் கேக்கான். ஒன்ன மாதிரி வெரலும் ஓடாது அவனுக்கு.”

ஜன்னலோர இருக்கையே கிடைத்தது. செய்தி வந்ததும் சந்தனமாரி அதைத் திறக்காமல் போனை ஜாஸ்மினிடம் நீட்டினாள். ஜாஸ்மின் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

“அந்தோணிராஜ்னு சேத்து எழுதணுமா, பிரிச்சா?”

“ஒங்க அப்பா ஆதார்ல எப்படி இருக்கோ அப்படி.”

எழுதி முடித்துப் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஜாஸ்மின் கேட்டாள், “நீ ஒரு தடவ ஊருக்குப் போனேன்னா யாரு பேர போடுவ?”

“நான் எங்கட்டி போறேன்?” என்று சந்தனமாரி சிரித்தாள். ஜாஸ்மின் சிரிக்கவில்லை.

கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சந்தனமாரி இறங்கினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. சும்மாதான், ஒரு பேச்சுக்குத்தான் ஜாஸ்மின் கேட்டாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஒரு பெயரைத் தேட ஆரம்பித்துவிட்டாள். பஸ் வல்லக்கோட்டை விலக்கைத் தாண்டியது. ஒரகடம் மேம்பாலம் கண்ணுக்குத் தெரிகிற வரை தேடிக்கொண்டே போனாள்.