சூடு பார்த்த கை

எந்த ஃபிரிட்ஜையும் திறப்பதற்கு முன்னால் அவர் அதன் விலாவில் உள்ளங்கையை வைப்பார். எப்போதும் இடது கைதான். வலது கை ஸ்பேனர் பிடித்துப் பிடித்துக் காய்த்துவிட்டது, அதற்குச் சூடு சுரணை கிடையாது என்பார். கையை வைத்துவிட்டு யோசிப்பதுபோல் பாவனை செய்யமாட்டார். வீட்டுக்காரர்களிடம் தண்ணீர் வருகிறதா, பையன் என்ன படிக்கிறான் என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார். பேச்சுக்கு நடுவில் கை மட்டும் நகர்ந்து, பின்பக்கம் போய், கம்ப்ரஸர் இருக்கும் இடத்துக்கு இறங்கும். அப்புறம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "கேஸ் போயிடுச்சு" என்றோ "ஃபேன் சுத்தல" என்றோ சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தெருவில் அவருக்கு ஜில்லு என்று பெயர்.

அந்தக் கையை அவர் கொஞ்சம் அதிகமாகவே நம்பினார்.

கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டர் மகனுடையது. மகனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தபோது பெட்டி, திரை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனான். போவதற்கு முன் அப்பாவுக்கு ஒரு லாரி விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓட்ட வேண்டியதுதான். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. இரண்டு பேர் இரண்டு வீட்டிலிருந்து, முன்னும் பின்னுமாக, பேசிக்கொண்டே ஓட்டலாம். அந்த இரண்டாவது ஆளாக மகன் சேர்த்துவிட்டது தன் தாய்மாமனை.

மச்சானும் அவரும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஓடியாடிப் பார்த்துக்கொண்டது இவர்தான். பெற்ற மகனான மச்சான் தூரத்து ஊரில் இருந்துகொண்டு, இதோ கிளம்பிவிட்டேன், அதோ வந்துவிட்டேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம், வார்டுக்கு வெளியே வராந்தாவில், சொந்தக்காரர்கள் சூழ நின்றபோது இவர் பொறுமை இழந்து வாயை விட்டுவிட்டார்.

"அவனுக்கு அப்பா முகத்தைப் பாக்க லீவு கிடைக்காது. பொணத்தைப் பாக்கத்தான் கிடைக்கும்."

அன்று சாயங்காலமே மாமனார் போய்விட்டார். மச்சான் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தான். இவர் பக்கம் திரும்பவே இல்லை. யாரோ காதில் போட்டுவிட்டார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டார். போய்ப் பேசியிருக்கலாம். பேசவில்லை. நாள் போகப் போக, பேசாமல் இருப்பது ஒரு வேலைபோலப் பழகிவிட்டது.

லாரி விளையாட்டில் முதல் நாள் இருவரும் பேசியது மொத்தமே நாலு வார்த்தை. "இடது பக்கம் போகணும்." "சரி." "டீசல் இருக்கா?" "இருக்கு." ஆனால் அடுத்த ஞாயிறும் இருவரும் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு மச்சான் ஒரு பாலத்தில் லாரியைக் கவிழ்த்துவிட்டு, தலைகீழாகக் கிடந்தபடியே, "மாமா, ஃபிரிட்ஜ் ரிப்பேர் மட்டும்தானா, இதையும் தூக்கி நிறுத்துவீங்களா?" என்று கேட்டான். இவர் சிரித்த சத்தத்தில் அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். ஹெட்போன் மாட்டினால் காதுக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்று இவர் ஸ்பீக்கரில்தான் பேசுவார். தம்பியின் குரல் மறுபடி அந்த வீட்டுக்குள் கேட்டது. அவள் துணி மடிக்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

பிறகுதான் கம்ப்யூட்டர் சாக ஆரம்பித்தது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும். ஒரு எச்சரிக்கையும் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே எழுந்து, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் முதல் பக்கத்தைக் காட்டும். கணக்கு வழக்கு பார்த்தால், பாட்டுக் கேட்டால், ஒன்றும் ஆகாது. லாரி ஓட்டினால் மட்டும்தான்.

அவர் பெட்டியின் விலாவில் கையை வைத்தார். சூடு.

"அவ்வளவுதான். மூச்சு முட்டுது இதுக்கு" என்றார்.

பக்கத்துப் பலகையைக் கழற்றி, ஃபேன்களில் இருந்த தூசியைப் பிரஷ் போட்டு எடுத்தார். அடுத்த ஞாயிறும் அணைந்தது. பிராசஸருக்கு மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசு தடவினார். அணைந்தது. பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, பலகையை மாட்டாமல் திறந்தபடி விட்டு, எதிரில் மேசை விசிறியை வைத்தார்.

"அதுக்கு ஜுரம் வந்தா யாரு பாக்கறது? ஒரு போர்வை கொண்டாரட்டா?" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும். சூடுதான் எல்லாத்தையும் கொல்லும்."

வெப்பத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும் ஒரு சாமான் இருக்கிறது என்று மகன் போனில் சொல்லிக்கொடுத்தான். போட்டுப் பார்த்தார். எண் சாதாரணமாகத்தான் இருந்தது. சென்ஸர் பொய் சொல்கிறது என்று முடிவுகட்டினார். கம்ப்யூட்டர் கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க போட்டா நல்லாத்தானே ஓடுது. உங்க வீட்டுக் கரண்ட்டைப் பாருங்க" என்றார்.

"இல்ல சார், இது சூடு."

"டாக்டர்கிட்ட வந்து நீங்களே மருந்து எழுதிக்கிறீங்க. அப்ப நான் எதுக்கு?"

இவர் சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக் கரண்ட்டில் என்ன கோளாறு இருக்க முடியும்? அந்த வீட்டுக்கு ஒயர் இழுத்ததே அவர்தான்.

இவரைப் போட்டுக் குடைந்தது கம்ப்யூட்டர் அணைவது மட்டுமில்லை, அது அணைகிற நேரமும்தான். மச்சான் இப்போதெல்லாம் ஓட்டம் முடியப்போகும் சமயத்தில், ஊர் விளக்குகள் தெரிய ஆரம்பிக்கும்போது, குரலைத் தாழ்த்துவான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஆஸ்பத்திரியில..."

திரை கறுத்துவிடும்.

மறுபடி இணைந்து, "கம்ப்யூட்டர் படுத்துடுச்சு மச்சான்" என்பார் இவர். "சரி, பரவால்ல" என்பான் அவன். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கமாட்டான். எடுத்துக் கொடுக்க இவருக்கும் நா எழாது. அன்றைக்குச் சொன்னது தப்பு என்று சொல்ல இவரிடம் ஒரு வாக்கியம் தயாராகவே இருந்தது. ஃபிரிட்ஜ் கதவுகளுக்கு முன்னால் நின்று அதை முணுமுணுத்துப் பார்த்திருக்கிறார். ஆனால் அவன் கேட்ட பிறகு சொல்வதாகத்தான் நினைத்திருந்தார். அவன் கேட்டு முடிக்கவேண்டும் என்றால் இந்தப் பெட்டி உயிரோடு இருக்கவேண்டும். அதனால்தான் அத்தனை பாடு.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, மச்சான் சிரித்தான். சிரிப்பு சரியாக இல்லை.

"நான் அந்தப் பேச்சை எடுத்தா மட்டும் உங்க வீட்டுல கரண்ட் போயிடுது, இல்ல மாமா?"

"சத்தியமா கம்ப்யூட்டர்தான். சூடாயிடுது."

"ஆமா. சூடாகத்தான் செய்யும்."

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. இவர் ஊருக்கு வெளியே ஒரு சுங்கச்சாவடி ஓரம் லாரியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மழை பெய்வதும் வைப்பர் அடிப்பதும் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியில் போனில் ஒரு செய்தி வந்தது. "லோடு அடிச்சது போதும் மாமா. விட்டுடலாம்."

அன்று மனைவி மேல்மாடிக்காரரின் மகளைப் பார்க்கப் போயிருந்தாள். இவர் மனம் கேட்காமல், ஆளில்லாத சாலையில் லாரியைத் தனியாக ஓட்டினார். மலை ஏறினார், இறங்கினார், பெரிய ஊருக்குள் நெரிசலில் நுழைந்தார். கம்ப்யூட்டர் அணையவே இல்லை. மேசை விசிறியை நிறுத்தினார். பலகையை மூடினார். அப்போதும் அணையவில்லை. கை வைத்துப் பார்த்தார்; முன்னைவிடச் சூடாகத்தான் இருந்தது. ஆனால் ஓடியது.

மனைவி வந்தாள். உள்ளறைக்குப் போனாள். நாளைக்கு அவர் போட வேண்டிய சட்டையை எடுத்து உதறும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சுவிட்ச் தட்டும் சத்தம்.

திரை கறுத்தது.

அவர் எழுந்து, கம்ப்யூட்டர் ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே சுவரோரம் நடந்தார். மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில், கூடத்து மூலையில் பிளக் இல்லையே என்று, உள்ளறை பிளக்கிலிருந்தே மெல்லிசு ஒயர் ஒன்றை இழுத்துத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தார். நல்ல ஒயர் வாங்கி மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தது. ஒயர் கதவு நிலையைச் சுற்றி, கட்டிலுக்குப் பின்னால் போய், இஸ்திரிப் பெட்டி சொருகியிருந்த அதே இடத்தில் முடிந்தது. இரண்டும் சேர்ந்து இழுத்தால் வோல்டேஜ் இறங்கும், மெல்லிசு ஒயரில் இன்னும் இறங்கும். லாரி ஓடும்போது பெட்டிக்குப் பசி அதிகம். அந்த நேரம் பார்த்து இஸ்திரி போட்டால் அதற்குச் சாப்பாடு போய்ச்சேராது. அவ்வளவுதான் விஷயம். அவரிடம் வேலை கற்றவன் எவனாவது இப்படி இழுத்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

"இதைப் போட்டா அது அணையுது" என்றார், அவளைப் பார்த்து.

அவள் சட்டைக் காலரை நீவிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"முதல்ல தெரியாது. ரெண்டு மூணு தடவை ஆனப்புறம் தெரிஞ்சது."

"தெரிஞ்சேவா போட்ட? அத்தனை நாள் நான் அதைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எல்லா நாளும் போடல. அவன் அந்தப் பேச்சை எடுக்கறப்ப மட்டும்தான். இன்னிக்கு அவன்தான் இல்லையேன்னு போட்டேன்."

அவருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரின்னு அவன் சொன்னாலே எனக்குப் பயமா இருக்கும்" என்றாள் அவள். "நீங்க ஒண்ணு சொல்வீங்க, அவன் ஒண்ணு சொல்வான். மறுபடியும் வருஷக்கணக்கா போயிடும். எனக்கு அவன் குரல் கேட்டுட்டு இருந்தாப் போதும். லாரியோ ரயிலோ, என்னவோ பேசிட்டுப் போங்க. அதைத் தவிர வேற எதுவும் பேச வேணாம்னு..."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

மறுநாளே அவர் தடித்த ஒயர் வாங்கிவந்து, கூடத்துக்குத் தனியாக ஒரு லைன் இழுத்தார். நிதானமாக, ஆணி அடித்து, நேர்கோட்டில். வேலை முடிந்ததும் மச்சானுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது எப்படிக் கேட்கிறது என்று புரிந்தது. மாட்டிக்கொண்டவன் கட்டுகிற கதைபோலத்தான் இருந்தது.

"இஸ்திரிப் பெட்டியா?" என்றான் மச்சான்.

"ஆமா. உங்க அக்காதான்."

"அக்காவையும் இதுல இழுக்கணுமா மாமா? விடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கல."

மனைவி போனை வாங்கிப் பேசினாள். நான்தான்டா போட்டேன், உன்மேல சத்தியம் என்றாள். அவன், "நீ எப்பத்தான் அவரை விட்டுக்கொடுத்திருக்க?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகும் பகை என்று ஒன்றும் இல்லை. விசேஷத்துக்குக் கூப்பிட்டால் பதில் வரும். "எப்படி இருக்கீங்க மாமா" என்று கேட்பான். நின்று பேசுவதில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் சில நாள் லாரியை எடுத்துக்கொண்டு அதே சுங்கச்சாவடி ஓரம் நிறுத்திவைத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. பிறகு மகன் வந்தபோது அதைத் தன்னோடு எடுத்துப் போய்விட்டான்.

மச்சானின் மனைவி ஏதோ வேலையாக அந்த ஊருக்கு வந்தவள், நாத்தனாரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். பழைய கதையெல்லாம் பேசினார்கள். இஸ்திரிப் பெட்டி விஷயமும் வந்தது. அவள் சிரித்தாள், பிறகு, இவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"நிஜமாவே அதுதானாண்ணே?" என்று கேட்டாள். "அவர் நம்பவே இல்ல."

"அவன் கோவப்பட்டதுல தப்பில்லம்மா. நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. யாரு போய்ச் சொன்னாங்களோ."

"யாரும் சொல்லலண்ணே" என்றாள் அவள். "அவரே கேட்டார்."

அந்த மத்தியானம் மச்சான் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டிருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, பையோடு, படி ஏறி வந்துகொண்டிருந்தான். வராந்தா திரும்பும் இடத்துக்குக் கீழே நாலைந்து படி இருக்கும்போது இவர் குரல் கேட்டிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் எப்படி நுழைவது என்று திரும்பி இறங்கிவிட்டான். கூட்டம் கலையட்டும் என்று எதிரிலிருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் உள்ளேயிருந்து போன் வந்தபோதும் அங்கேதான் இருந்தான். அப்பாவின் முகத்தை அவன் உயிரோடு பார்க்கவில்லை. லாரி ஓட்டிக்கொண்டே அவன் சொல்ல நினைத்தது இதைத்தான். சண்டைக்கு இல்லை, "உங்கமேல தப்பில்ல மாமா, நான்தான் ஏறி வந்திருக்கணும்" என்பதற்காக.