சாக்ஸுக்குள் மறைத்த கால்

கால் நகங்கள் கறுத்துத் தடித்ததிலிருந்து வெளியே எங்கும் நான் சாக்ஸைக் கழற்றுவதில்லை. முக்கூடலில் உறவினர் வீட்டு விசேஷத்தில் எல்லாரும் வெறுங்காலோடு இருக்க, நான் மட்டும் சாக்ஸோடு நடந்தேன். எனக்குச் சர்க்கரை உண்டு. ஆனாலும் டாக்டரிடம் காலைக் காட்ட வெட்கம்.

ஒரு நாள் காலையில் என் கணவர் அடுக்களைத் தரையைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது என்ன ரத்தம்?" என்றார்.

"பீட்ரூட் நறுக்கினேன்லா," என்றேன். வீட்டில் பீட்ரூட்டே இல்லை. அவர் குனிந்து என் காலைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலுக்கு அடியில் புண் பிளந்திருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை.

அன்றே பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா என்னைவிட மூத்தவர். அவர் என் பாதத்தைக் கையில் ஏந்தியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நாற்றம் எனக்கே தெரிந்தது.

"வலிக்கலேன்னு இருந்துட்டீக. சர்க்கரை இருந்தா அதுதான் ஆபத்து. இன்னும் விட்டிருந்தா விரலே போயிருக்கும். தினமும் காலைப் பாக்கணும்மா," என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

புண் ஆற மாதக்கணக்கானது. இப்போது தினமும் கணவர்தான் என் உள்ளங்காலைப் பார்க்கிறார். அவர் குனியும்போது இன்னும் கூசுகிறது. ஆனாலும் நீட்டிவிடுகிறேன்.