இரையாத பெட்டி

என் கணவர் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே எலக்ட்ரிக் கித்தாரும் ஆம்ப்ளிஃபயரும் செய்கிறார். சும்மா இருக்கும்போது அவருடைய ஆம்ப்ளிஃபயர் இரையாது என்பதுதான் அவர் எடுத்த பெயர். அதனால் வாங்க வருகிறவர்கள் வாசிப்பதற்கு முன், சத்தத்தை முழுதாகக் கூட்டிவைத்துக் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். அப்போது வீட்டில் எங்கும் காற்றாடிகூட ஓடக்கூடாது. நான் குழந்தையோடு சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

நேற்று பட்டர்வொர்த்திலிருந்து வந்த இளைஞர் வெகுநேரம் கேட்டார். குழந்தை வியர்த்து நெளிந்தது. அழாமலிருக்க மார்போடு அணைத்துப் பால் கொடுத்தேன். இந்தப் புழுக்கத்தில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கதவைத் திறந்தால் சிணுங்கலில் எல்லாம் கெட்டுவிடுமோ என்றும் பயம்.

"அண்ணே, ஆளே இல்லாத வீடு மாதிரி இருக்குலா!" என்றார் அவர்.

என் கணவர் சிரித்தார். "எல்லாரும் அதான் தம்பி சொல்றாங்க."

நான் கதவைத் திறக்கவில்லை.