மொக்கையன் மெலிந்த மழைக்காலம்

அழகுமலையைப் போல ஒரு நேர்மையான ஆளை நான் இந்த மலையில் பார்த்ததில்லை. அவனைப் போல ஒரு கூறுகெட்டவனையும் பார்த்ததில்லை. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கிறவர் முதலில் தராசு முள் எங்கே நிற்கிறது என்று உரக்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கழிவைச் சொல்லுவார். பக்கத்து எஸ்டேட்டுகளில் இந்த வழக்கம் கிடையாது. இது துரை போட்ட சட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு மாதப் பிள்ளை ஒன்று போட்ட சட்டம்.

அழகுமலை சங்கரன்கோவில் பக்கத்து ஆள். இருபது வயதில் மலையேறி வந்து, செடிக்குக் கவ்வாத்து வெட்டி, மழைத்தண்ணீர் ஓடக் கான் தோண்டி, எல்லாப் பாடும் பட்டான். நூறுக்கு மேல் எண்ணத் தெரிந்தவன், ஒரு ராத்தல்கூடப் பொய் சொல்லாதவன் என்பதால் துரை அவனைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நிறுத்தினார். அன்றைக்குப் பிடித்தது நிறுக்கிற கோட்டி. பூசணிக்காய் வாங்கினால் நிறுப்பான். கோழி வாங்கினால் அது கத்தக் கத்தக் கொக்கியில் மாட்டுவான். பூமாரியைப் பெண் பார்க்கப் போன வீட்டில், "பொண்ணு எத்தன ராத்தல் இருக்கும்?" என்று கேட்டு, மாமனார் கையால் அடி வாங்காமல் தப்பியதே பெரிய விஷயம்.

கொட்டகை உத்தரத்தில் அந்தத் தராசு தொங்கும். வட்ட முகம், நடுவில் ஒரு முள், கீழே ஒரு கொக்கி. கூடையை மாட்டினால் முள் சுற்றும். அதில் கூடைக்கு மூன்று ராத்தல் கழிக்க வேண்டும். நனைந்த கொழுந்து என்றால் ஈரத்துக்கும் கழிக்க வேண்டும்: தூறலுக்கு இரண்டு, மழைக்கு மூன்று, அடைமழைக்கு நாலு. அவ்வளவும் அவன் மண்டைக்குள்ளேயே நடந்துவிடும். முள்ளைப் பார்ப்பான், மிச்சத்தைக் கூவுவான். பாக்டரிக்குக் கொழுந்து ஏற்றிப் போகிற மாட்டுவண்டி என்னுடையது. தினமும் அங்கேதான் நின்றேன். முள் எங்கே நின்றது என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

பெருவெள்ளம் வந்து ஆறாம் வருஷம், மார்கழியில், அவனுக்கு மொக்கையன் பிறந்தான். அதற்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை பிறந்து, நாலு மாதத்தில் மெலிந்து மெலிந்து செத்துப் போய்விட்டது. அதனால்தான் இவனுக்கு யாரும் ஆசைப்பட மாட்டாத பெயராக வைத்தார்கள். பங்குனி பிறந்ததும் அழகுமலை சனிக்கிழமை தோறும், கடைசி நிறுவை முடிந்த பிறகு, பிள்ளையைக் கூடையில் படுக்க வைத்துத் தொங்கவிட்டான்.

"பூமாரி மகன், பதினோரு ராத்தல்!" என்று கொழுந்துக்குக் கூவுகிற அதே குரலில் கூவினான். வீட்டுச் சுவரில் கரியால் கோடு போட்டான். சித்திரையில் பதிமூன்று. வைகாசி கடைசியில் பதினைந்து. அன்றைக்கு லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கருப்பட்டி கொடுத்தான்.

சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? பதினோரு பிள்ளைகள் வரிசையில் வந்தன. என் ஏழாவது மகள் அழகுத்தாயும் போனாள். அவள் கதை வேறு. அவளுக்குத் தவழத் தெரியும், ஆனால் பின்னாலேதான் தவழ்வாள். முன்னால் வரட்டும் என்று ஒரு வெல்லக்கட்டியைக் காட்டினால், அதைப் பார்த்தபடியே தூரத் தூரப் போய்க் கதவில் முட்டி அழுவாள். நான் யோசனை பண்ணி வெல்லத்தை அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு முத்துப்பேச்சி, அதாவது என் வீட்டுக்காரி, என்னை என்னவெல்லாம் சொன்னாள் என்று இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் வேறு பேச்சே கிடையாது. ஒருவர் பிள்ளைக்குப் பல் வரவில்லை, ஒருவர் பிள்ளைக்குப் பல் வந்து தாயைக் கடிக்கிறது, ஒருவர் பிள்ளை கால் கட்டைவிரலைத் தவிர எதையும் வாயில் வாங்க மாட்டேன் என்கிறது. ஆண்களும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு மணிக்கணக்காகப் பேசினோம். வெட்கமாவது ஒன்றாவது!

ஆனி பிறந்தது. மழை இறங்கியது.

முதல் சனிக்கிழமை தூறல். அழகுமலை மகனை மாட்டினான், முள்ளைப் பார்த்தான், கூவ வாயைத் திறந்தவன் திணறிப் போனான். "பதி... பதிமூணரை."

அடுத்த பிள்ளையும் இறங்கியிருந்தது. அதற்கடுத்ததும். என் அழகுத்தாயும் ஒன்றரை ராத்தல் குறைந்திருந்தாள். பதினோரு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் மெலிந்துவிட்டன! இரண்டாவது சனிக்கிழமை நல்ல மழை. மொக்கையன் பதிமூன்று. லயமே கிடுகிடுத்துப் போயிற்று.

பாக்டரியில் புதிதாக வைத்த எஞ்சின் சத்தத்தில் தாய்ப்பால் வற்றுகிறது என்றான் ஒருவன். கண்ணேறு என்றார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. மழையில் தேயிலை மளமளவென்று வளருகிறதே, அந்தச் சத்தெல்லாம் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகளிடமிருந்துதானே உறிஞ்சுகிறது என்றேன். நாலு பேர் தலையாட்டினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் என் செவிட்டில் நானே அறையலாம் போலிருக்கிறது.

கம்பவுண்டர் சுவக்கீன் வந்து மொக்கையனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவன் தொடையில் மூன்று மடிப்பு. கன்னம் இரண்டும் தொங்கின.

"இவனுக்கு என்ன கேடு? என்னையவிட நல்லாத்தான இருக்கான்" என்றார் சுவக்கீன்.

"உம்மகிட்டத் தராசு உண்டா?" என்றான் அழகுமலை.

"இல்ல."

"பெறகு என்னத்தப் பேசுதீரு?"

என் முத்துப்பேச்சியும் சொல்லிப் பார்த்தாள். "ஏழு பெத்தவ சொல்லுதேன், கேளும். புள்ளையக் கண்ணால பாரும். முள்ளப் பாத்துக்கிட்டுத் திரியாதீரும்."

"கண்ணு ஏமாத்தும் மதினி. தராசு ஏமாத்தாது" என்றான்.

அதோடு விட்டானா? போடியில் வாக்கப்பட்ட அவன் அக்காள் வீட்டில் இரண்டு எருமை கறந்துகொண்டிருந்தது. பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடப் போகிறேன் என்றான். பூமாரி போக முடியாது. கங்காணியோடு பேசிய காலம் முடிகிற வரை அவள் கொழுந்துக் காட்டைவிட்டு இறங்கக்கூடாது. டாப் ஸ்டேஷன் போய்க் குரங்கணி இறக்கத்தில் மழையோடு மழையாக இறங்கி, பால்குடிப் பிள்ளையைத் தாயில்லாமல் போடியில் விட்டுவிட்டு வருவானாம். ஆடி முடிந்து ஆவணியில் பார்க்கலாமாம்.

பூமாரி அழுது, சண்டை போட்டு, ஒரு வாரத் தவணை வாங்கினாள். அந்த வாரம் பால் ஊறுவதற்கு என்னென்ன உண்டோ எல்லாம் தின்பாள். அடுத்த சனிக்கிழமை முள் ஏறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளை போடிக்குப் போகும். இதுதான் பேச்சு.

அழகுமலை வட்டவடைக்கு ஆள் அனுப்பி அரை மூட்டைப் பூண்டு வரவழைத்தான். பூண்டை வதக்கி, வேகவைத்து, கஞ்சியில் போட்டு, கருவாட்டோடு அரைத்து, அந்தப் பெண் ஏழு நாள் தின்றாள். லயத்தில் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. பத்து வீட்டுக்கும் பூண்டு மணந்தது. என் மாடுகள் அவளைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டன. மொக்கையன் மட்டும் ஒரு குறையும் சொல்லாமல் குடித்துக்கொண்டே இருந்தான். குடிக்காத நேரத்தில் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை பூமாரி எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நாளைக்கும் எறங்கிருச்சுன்னா நான் என்ன செய்வேன்? ராவும் பகலும் என் மேலயே கெடக்க புள்ள. அங்க போயி அழுதான்னா அவன் மொழி யாருக்குத் தெரியும்? ஒருத்தியத்தான் மண்ணுக்குக் குடுத்தேன். இவன எருமைக்குக் குடுக்கணுமா?"

"நான் பேசிப் பாக்குதேன் தாயி" என்றேன். பேசவும் செய்தேன். அவன் சுவரில் இருந்த கரிக்கோடுகளைக் காட்டினான். நான் திரும்பி வந்தேன்.

சனிக்கிழமை வந்தது. அடைமழை. கொட்டகைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் பேசுவதே காதில் விழவில்லை. கடைசிக் கூடையும் நிறுத்தாயிற்று. பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தலையில் சாக்குக் கொங்காணியும் மேலே கம்பளியுமாகச் சொட்டச் சொட்ட நின்றார்கள். பூமாரி தன் கம்பளிக்குள்ளிருந்து மொக்கையனை எடுத்தாள். அவள் தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். பிள்ளை மேல் ஒரு துளி இல்லை. அவனைக் கூடையில் உட்கார வைத்து, கூடையை அவளே கொக்கியில் மாட்டினாள்.

அழகுமலை முள்ளைப் பார்த்தான். முகம் செத்துப் போயிற்று.

"பன்னிரண்டு" என்றான். கூவவில்லை. மெதுவாகச் சொன்னான். "நாளைக்குக் காலையில கெளம்பணும்."

பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். பூமாரி அழவில்லை. அண்ணாந்து தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான், எனக்கு எழுத்தும் தெரியாது, எண்ணிக்கையும் தெரியாது" என்றாள். "அந்தா துரு பிடிச்ச ஒரு புள்ளி தெரியுதா? கருப்பட்டி குடுத்தீரே, அன்னைக்கு முள்ளு அந்தப் புள்ளிமேலயே நின்னுச்சு. நான் கண்ணால கண்டேன். இன்னைக்கு அதத் தாண்டிப் போயில்லா நிக்கி? தராசுல ஏறுன புள்ள உம்ம வாயில எப்படி எறங்குதான்?"

"நீ பேசாம இருட்டி. ஒனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்ச நீரு சொல்லும். முள்ளு எங்க நிக்கி?"

"பத்தொம்பதுல நிக்கி. கூடைக்கு மூணு போச்சு, பதினாறு. ஈரத்துக்கு நாலு போச்சு..."

நின்றுவிட்டான். வாய் திறந்தபடியே நின்றது. நான் என் அழகுத்தாயை நினைத்தேன். தூறலுக்கு இரண்டு. மழைக்கு மூன்று. அட எளவே!

"ஈரமா?" என்றாள் பூமாரி. குரல் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. "எம்புள்ளைக்கு எங்கவே ஈரம்? தொட்டுப் பாரும்! ஒரு வாரமா என்னையப் பூண்டாத் தின்ன வச்சீரே, எங்க ஈரம்? போடிக்குப் போகணும்னா நீரு போம்! ஒம்ம அக்கா வீட்டு எருமைகிட்டப் போயி நீரு குடிச்சிட்டு வாரும்!"

அழகுமலை போய்க் கூடைக்குக் கீழே குனிந்து, பிள்ளையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான். மொக்கையனுக்கு இவ்வளவு நேரம் தொங்கியது போதும் என்று பட்டதோ என்னவோ, அந்த நேரம் பார்த்து ஒன்றுக்குப் போனான். மூங்கில் கூடை. ஒரு சொட்டுக்கூடத் தங்காமல், தலைப்பாகை, மூக்கு, மீசை என்று தகப்பன்மேல் ஒழுகியது.

"இப்பக் கழிச்சுக்கிடும்" என்றாள் பூமாரி. "இப்ப இருக்கு ஈரம்."

கொட்டகை அதிர்ந்து போயிற்று. என் முத்துப்பேச்சி சிரித்துச் சிரித்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே அவள்தான் ஆரம்பித்தாள்: "ஏவே அழகுமலை, திங்கக்கெழமையிலேருந்து எங்களுக்கும் முள்ளச் சொல்லிட்டுத்தான் கழிக்கணும், கேட்டீரா?" அத்தனை பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவன் தலையை ஆட்டினான். அன்றைக்கு எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பான்.

அவன் சிரிக்கவில்லை. தராசுக்கு அடியில், ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மூத்தவ மெலிஞ்சது எனக்குத் தெரியலையே" என்று பிள்ளை மாதிரி அழுதான். "தெரியும்போது எல்லாம் முடிஞ்சு போச்சே. இவனையாவது ஒழுங்காப் பாத்துக்கிடணும்னு..."

பூமாரியின் கோபம் அதோடு போயிற்று. கொக்கியிலிருந்து கூடையை இறக்கி, மகனை எடுத்து அவன் இரண்டு கையிலும் வைத்தாள்.

"தூக்கிப் பாரும். கனக்கானா?"

தூக்கினான். தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். மொக்கையன் அவன் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

"கனக்கான்" என்றான் அழகுமலை.

"எம்புட்டு?"

வாயைத் திறந்தான். பழக்கம், கண் தானாகத் தராசுப் பக்கம் போயிற்று. பூமாரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாயை மூடி, பிள்ளையை இன்னொரு தடவை தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டான்.

"நெறைய" என்றான்.