சோதிக்காத ரத்தம்

கோமதியின் ரத்தத்தைச் சோதிக்காமலே அவளுக்கு நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தவள் நான்!

உங்களிடம் சுற்றி வளைக்க மாட்டேன். தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். கர்ப்பிணிகளுக்கு மற்ற சோதனைகளோடு ஆர்.பி.ஆர். என்ற ஒன்றையும் செய்ய வேண்டும். உடலுறவால் தொற்றும் சிபிலிஸ் நோய் இருக்கிறதா என்று பார்ப்பது அது. அட்டையில் ஒரு துளி சீரம், ஒரு துளி மருந்து, சற்று நேரம் சுழற்றல். கறுப்புத் துகள்கள் திரண்டால் சந்தேகம். மறுசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். இவ்வளவுதான் வேலை.

இதைச் செய்ய எனக்குக் கூசியது... எல்லாருக்குமா? இல்லை! முகம் தெரியாதவர்களுக்கும், எனக்குப் பிடிக்காதவர்களுக்கும், ஆண்களோடு சிரித்துப் பேசுகிறவர்களுக்கும் ஒழுங்காகச் செய்தேன். தெரிந்த வீட்டுப் பெண்கள் வந்தால் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன். அவர்களை அப்படிச் சோதிப்பதே அவமரியாதை என்று நினைத்தேன். மரியாதையாம்! யார் கேட்டார்கள் என் மரியாதையை?

கோமதி மைசூர் மைன்ஸில், சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் வளர்ந்தவள். என்னை அக்கா என்பாள். பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டில் வாழ்க்கைப்பட்டாள், கணவன் பிரபுவுக்கு பெங்களூரில் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். மூன்றாம் மாதத்தில் அவள் வந்து கையை நீட்டியபோது, 'இவளுக்கா?' என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். மற்றவற்றை முடித்துவிட்டு மிஞ்சிய ரத்தத்தைக் கொட்டினேன்.

எட்டாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. பெங்களூரில் சோதித்தார்கள். சிபிலிஸ்! அவளுக்கும் பிரபுவுக்கும் இருந்தது. இருவருக்கும் பென்சிலின் ஊசி போட்டார்கள்.

மூன்றாம் மாதமே அவளுக்கு அது இருந்ததா? எனக்குத் தெரியாது. இருந்து, அன்றே கண்டுபிடித்திருந்தால், அதே ஊசி குழந்தையைக் காப்பாற்றியிருக்கும். தெரியாததை 'இல்லை' என்று எழுதினேனே, என்ன நெஞ்சழுத்தம்...

என் அறிக்கையோடு பிரபு வந்து நின்றான்.

"அக்கா, மூணாம் மாசம் இல்லன்னு போட்டுகீறீங்க. அப்போ அதுக்கப்புறம்தான் அவளுக்கு வந்துகீது. அவகிட்ட இருந்துதான் எனக்கும். எங்கம்மாவும் அதத்தான் சொல்லுது. உங்க டெஸ்ட் கரெக்டுதானே?"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடம் முழுக்க என் கையில் இருந்தது! வேலை போய்விடுமே என்று பயந்தேன்.

"எங்க ரிப்போர்ட் தப்பாவாது" என்றேன்.

அன்று சாயங்காலமே கோமதியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு தினமும் குழாயடியில் அவளைப் பார்த்தேன். குடத்தைத் தூக்கிக்கூட விட்டேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

போன வாரம், ஊசிக்குப் பிறகு நோய் குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு என்னிடமே வந்தாள்.

"அக்கா, இப்போ கொறஞ்சிருந்தா அத அவங்க வீட்ல காட்லாமா? என்னச் சேத்துக்குவாங்களா?"

ரத்தம் எடுக்க அவள் கையில் கட்டிய ரப்பரை அவிழ்த்துவிட்டேன். அத்தனையும் சொன்னேன்.

"அப்போ என் ரத்தத்த இன்னா பண்ணீங்க?"

"கொட்டிட்டேன்."

"ஏன்?"

"நீ நல்லவ, உனக்கு எதுக்குன்னு..."

அவள் அழவில்லை. எழுந்து போய்விட்டாள்.

முதலாளியிடமும் சொன்னேன். "வாய மூடிக்கினு வேலயப் பாரு" என்றார். மூட மாட்டேன்! நாளை சனிக்கிழமை, பாலகாட் போகிறேன். பிரபுவும் அவன் அம்மாவும் வீட்டில் இருக்கும்போதே, அந்த அறிக்கை பொய் என்று சொல்லப் போகிறேன். துரத்தினால் வாசலில் நின்று சொல்வேன். அதோடு முடியவில்லை. நான் மரியாதை கொடுத்த மற்றப் பெண்களும் இருக்கிறார்களே! ஒவ்வொரு வீடாகப் போய், மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். காறித் துப்பினாலும் சரி. மன்னிப்பு கேட்கப் போகவில்லை. அதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

இன்று கோமதியின் வீட்டுக்குப் போய், "நாளைக்கு நீயும் கூட வர்றியா?" என்று கேட்டேன்.

வரவில்லை என்று தலையசைத்தாள். கதவைச் சாத்தப் போனவள் நின்றாள்.

"நீங்க என்னக் கெட்டவள்னு நெனச்சிருந்தா, என் புள்ள பொழச்சிருக்கும் இல்லக்கா?"