நிழலுக்குப் பழக்கிய ஆடாதோடை

அரை டம்ளர்தான். அதற்கு மேல் ஒரு சொட்டு ஊற்றமாட்டாள் பர்ஹத். வீட்டுக்குப் பின்னால், வேம்புக்கும் மதிலுக்கும் நடுவே வெயில் எட்டிப்பார்க்காத சந்தில் ஏழு ஆடாதோடைக் கன்றுகள். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் அந்த அரை டம்ளரும். "பழகிக்கிடுங்க மக்கா. அங்கன போனா யாரு குடம் குடமா ஊத்துவா?" என்று கன்றுகளிடம் கறாராகப் பேசுவாள்.

அங்கன என்றால் மையவாடி, பள்ளிவாசலின் அடக்கத்தலம். மகன் ரிஸ்வான் அகமது அங்கே ஒரு பெரிய புளியமரத்தின் அடியில் அடங்கியிருக்கிறான். இருபத்துமூன்று வயதில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவன். துக்கம் கேட்க வந்த ஒருத்தி, அப்படிச் செத்தவனுக்குக் கபுர்க்குழியில் என்னென்ன வேதனை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போனாள். நாக்கா அது! அன்றிலிருந்து பர்ஹத்துக்கு ஒரே பிடிமானம், கபுர்மேல் நிற்கும் செடி பச்சையாக இருக்கும்வரை அல்லாஹ்வைத் துதிக்கும், அதுவரை உள்ளே கிடப்பவனுக்கு வேதனை குறையும் என்பதுதான். முதலில் வைத்த மருதாணி நிழலில் வெளிறிச் செத்தது. அடுத்து வைத்ததை ஆடு மேய்ந்தது. ஆடாதோடையை ஆடு தொடாது, வறட்சியும் தாங்கும். நிழலுக்கு மட்டும் பழக்கவேண்டும். அப்படிப் பழக்கிய முதல் கன்று கபுர்மேல் போய்விட்டது; இந்த ஏழும் அதற்குப் பின்துணை.

மற்ற நேரமெல்லாம் மடியில் முறம், கையில் பீடி இலை. கத்தரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் காய்த்துவிட்டது. ஆனாலும் அந்த விரலால் தடவியே இலையின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள். மட்டமான இலையை அவள் தலையில் கட்ட எந்தக் கடைக்காரரும் துணிவதில்லை.

பெண்கள் மையவாடிக்குள் போகும் வழக்கம் அவர்கள் தெருவில் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கணவர் நியாஸ் அகமதுதான் போய்வருவார். செடி உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக ஓர் இலை பறித்துவர வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை வந்த இலையைத் தடவியவள் முகம் செத்துப்போனது.

"இது நெழல்ல நின்ன எல இல்ல. வெயில் குடிச்சுத் தடிச்சுக் கெடக்கு. எங்கன பறிச்சீங்க?"

"கரிவலம் ரோட்டு வேலியில," என்றார் நியாஸ், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "நம்ம செடி பட்டுப்போயி ரெண்டு மாசம் ஆச்சுட்டி. இத்தன நாளும் வேற எடத்துல நெழல்ல நின்னதுல பறிச்சேன், அதையும் வெட்டிட்டாவ. ஒங்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

"ரெண்டு மாசமா எம்புள்ள ஒத்த எல இல்லாம கெடந்திருக்கான்," என்றாள். அவரைத் திட்டவில்லை.

சந்துக்குப் போய், இருப்பதில் உயரமான கன்றை வேர் அறாமல் மண்ணோடு தோண்டி ஈரச்சாக்கில் சுற்றினாள். புர்காவை மாட்டினாள்.

"ஏட்டி, பொம்பளைய அங்கன விடமாட்டாவ," என்றார் நியாஸ்.

வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்ற பைக்கின் பின்சீட்டில் ஏறி, கன்றைப் பிள்ளையைப்போல் மடியில் இருத்திக்கொண்டு, அவருக்காகக் காத்திருந்தாள்.